கடுமையான வீட்டுப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்குவதற்கு முன் உடலை எப்படித் தயார்ப்படுத்துவது?

கேள்வி: ஆரியகுளம்வாசி

வணக்கம். யாழ் நகரில் அரச அலுவலகம் ஒன்றில் பணியாற்றுகிறேன். வயது 38, உயரம் 5 அடி 7 அங்குலம், நிறை 84 கிலோ. காலை எட்டரை மணிக்குக் கதிரையில் அமர்ந்தால் மாலை நாலேகாலுக்குத்தான் எழுகிறேன்; போக்குவரத்தும் மோட்டார் சைக்கிளில்தான். பாடசாலைக் காலத்தில் உதைபந்தாட்டம் விளையாடியதைத் தவிர, நீண்ட காலமாக முறையான உடற்பயிற்சி எதுவும் செய்ததில்லை.

ரொறன்ரோவில் இருக்கும் என் அண்ணா, தான் செய்து பயனடைந்த ‘இன்சானிட்டி’ என்ற பயிற்சித் திட்டத்தை என்னையும் செய்யும்படி வற்புறுத்துகிறார். ஷோன் ரீ என்ற பயிற்றுநர் நடத்தும் இந்த 60 நாள் திட்டம் 2009 ஆம் ஆண்டில் வெளிவந்தது. கிழமைக்கு ஆறு நாள் பயிற்சி, கருவிகள் எதுவும் தேவையில்லை, வீட்டு விறாந்தையிலேயே செய்துவிடலாம் என்பவை எனக்கு மிகவும் பிடித்திருக்கின்றன. ஆனால் தொடங்குவதற்கு முன் முதல் சில காணொளிகளை அமர்ந்து முழுமையாகப் பார்த்தேன். வழக்கமான இடைவெளிப் பயிற்சிகளில் சிறிது நேரம் கடுமையாகச் செய்துவிட்டு அதைவிட நீண்ட நேரம் ஆறுவார்கள். இதிலோ ஏறக்குறைய மூன்று நிமிடம் முழுமூச்சாகச் செய்து, 30 செக்கன் மட்டும் ஆறிவிட்டு, மீண்டும் தொடங்குகிறார்கள். உடலைச் சூடாக்கும் முதல் பத்து நிமிடமே ஓட்டமும் துள்ளலுமாகப் போகிறது. அதில் பங்குபற்றும் கட்டுமஸ்தான இளைஞர்களே இடையில் நின்று மூச்சு வாங்குவதைப் பார்த்த பிறகு, இப்போது இருக்கும் உடலோடு நேரடியாக இதற்குள் இறங்குவது சரியல்ல என்று முடிவெடுத்தேன்.

அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. எனக்கு இதுவரை எந்த நோயும் கண்டறியப்படவில்லை. ஆனால் நான் பரிசோதித்துப் பார்த்ததும் இல்லை. வீட்டுத் தரை முழுவதும் மாபிள். இங்கே ஏழு மணி கடந்தால் வெயில் ஏறிவிடுகிறது. அதோடு நல்லூர்த் திருவிழாக் காலம் 25 நாளும் எங்கள் வீட்டில் சைவம். திருவிழா முடிந்த பிறகு திட்டத்தைத் தொடங்கலாம் என்பது என் எண்ணம். ஆகவே ஆயத்தத்தின் பெரும் பகுதி அந்த நாட்களுக்குள் வரும்.

எவ்வளவு காலம் ஆயத்தம் செய்ய வேண்டும்? அந்தக் காலத்தில் எதைச் செய்ய வேண்டும்? உடல் தயாராகிவிட்டது என்பதை எதை வைத்து அறிந்துகொள்வது? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1: கொக்குவில் இயன்மருத்துவர்

வணக்கம் தம்பி. தொடங்குவதற்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள் என்பதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கிறது. என்னிடம் முழங்கால் நோ, குதிக்கால் நோ என்று வருகிறவர்களில் பலர், உடலை எந்த வகையிலும் பழக்காமல் இத்தகைய காணொளிகளைப் பார்த்துத் துள்ளத் தொடங்கியவர்களே.

முதலில் உங்கள் இதயத்தைப் பற்றிப் பேச வேண்டும். தந்தைக்கோ சகோதரனுக்கோ 55 வயதுக்கு முன்பும், தாய்க்கோ சகோதரிக்கோ 65 வயதுக்கு முன்பும் இதயநோய் வந்திருந்தால், அதை ஓர் ஆபத்துக் காரணியாகவே மருத்துவம் கணக்கில் எடுக்கிறது. உங்கள் அப்பாவுக்கு 52 வயதில் வந்திருக்கிறது. தாயாருக்குச் சீனி வருத்தம் வேறு இருக்கிறது. நாள் முழுவதும் இருந்த இடத்திலேயே வேலை. ஆகவே இரத்த அழுத்தம், வெறும் வயிற்றில் இரத்தச் சீனி, கொலஸ்ட்ரோல் ஆகிய மூன்றையும் பார்த்து, வைத்தியர் ஒருவரிடம் ‘நான் மிகக் கடுமையான பயிற்சி ஒன்றைத் தொடங்கப் போகிறேன்’ என்று வெளிப்படையாகச் சொல்லி, அவர் தேவை என்று கருதினால் இ.சி.ஜி.யும் எடுத்துக்கொள்ளுங்கள். 35 வயதைக் கடந்தவர்களுக்கு இந்த அடிப்படைப் பரிசோதனைகளை இலவசமாகச் செய்யும் நிலையங்கள் அரச வைத்தியசாலைகளில் இயங்குகின்றன. பணம் ஒரு தடையாக இருக்கத் தேவையில்லை. நடக்கும்போதோ படி ஏறும்போதோ நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்று, காரணமில்லாத மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று எப்போதாவது வந்திருந்தால், வைத்தியரின் பதில் கிடைக்கும்வரை வேகநடைகூட வேண்டாம்.

வைத்தியர் தடை சொல்லவில்லை என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

உங்கள் வயதையும் பழக்கத்தையும் பார்க்கும்போது குறைந்தது எட்டுக் கிழமை தேவை. பத்து என்றால் இன்னும் நல்லது. இவ்வளவு நீண்ட காலம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். உடலின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் பயிற்சிக்குப் பழகுவதில்லை என்பதுதான் இதற்குக் காரணம். மூச்சும் இதயமும் இரண்டு மூன்று கிழமைக்குள்ளேயே முன்னேற்றத்தைக் காட்டும். தசைகள் அடுத்த சில கிழமைகளில் பலம் பெறும். ஆனால் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களும் எலும்புகளும் புதிய பாரத்துக்கு ஏற்றபடி தம்மை மாற்றிக்கொள்ள மாதக்கணக்கில் எடுக்கும். புதிதாகப் போட்ட கொங்கிறீற் மேலே இறுகிவிட்டதுபோலத் தெரிந்தாலும், நாட்கணக்காகத் தண்ணீர் விட்டு இறுகவிட்ட பிறகுதானே அதன்மேல் பாரம் ஏற்றுகிறோம்! மூன்றாம் நான்காம் கிழமையில் மூச்சு வாங்குவது குறைந்து, ‘நான் தயார்’ என்ற உணர்வு வரும். முழங்காற்சில்லுக்குக் கீழும், குதிக்கால் நாணிலும், முன்னங்கால் எலும்பிலும் நோ தொடங்குவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் நிறையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. உங்கள் 84 கிலோவுக்கு அது எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள். உயரத் துள்ளி இறங்கும்போது அது இன்னும் அதிகம்.

முதல் மூன்று கிழமை வேகநடை மட்டும் போதும். நாளுக்கு 30 நிமிடம், கிழமைக்கு ஐந்து நாள் நடந்தால், வளர்ந்தவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கிழமைக்கு 150 நிமிடம் என்ற கீழ் எல்லையை எட்டிவிடுவீர்கள். பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாமல் இருக்க வேண்டும். வேகம் சரியா என்பதற்கு அதுவே அளவு. எண்ணில் வேண்டுமானால், 208 இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழித்தால் உச்ச இதயத் துடிப்பு ஏறத்தாழக் கிடைக்கும். உங்களுக்கு அது 181. அதில் 64 முதல் 76 வீதம், அதாவது நிமிடத்துக்கு 116 முதல் 138 வரையான துடிப்பு, நடுத்தரக் கடுமை எனப்படும். கைக்கடிகாரக் கருவி இல்லையென்றால் மணிக்கட்டில் விரல் வைத்து 30 செக்கன் எண்ணி இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். நான்காம் கிழமையிலிருந்து இரண்டு நிமிட நடைக்கு ஒரு நிமிட மென்னோட்டம் என்று கலந்து, மெல்ல மெல்ல ஓட்டத்தின் பங்கைக் கூட்டுங்கள். ஓடுவதற்குப் பண்ணைக் கடற்கரையோர நடைபாதையைவிட, துரையப்பா விளையாட்டரங்கையோ ஊர்ப் பாடசாலை மைதானத்தையோ போன்ற மண்ணும் புல்லும் உள்ள இடம் கிடைத்தால் கால்களுக்கு நல்லது.

இதே காலத்தில், முதற்கிழமையிலிருந்தே, கிழமைக்கு இரண்டு மூன்று நாள் கால் தசைகளுக்கான பயிற்சியைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிக்காலை மூன்று செக்கனில் உயர்த்தி, மூன்று செக்கனில் படிக்குக் கீழே இறக்குங்கள்; முதலில் இரண்டு காலால், பிறகு ஒற்றைக் காலால் செய்யுங்கள். கதிரையிலிருந்து கையை ஊன்றாமல் மெதுவாக எழுந்து, அதைவிட மெதுவாக அமருங்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துங்கள். பார்வைக்கு எளிமையாக இருக்கும் இந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்தவர்கள், பின்னர் துள்ளல் பயிற்சிக்கு வரும்போது முழங்கால் முறைப்பாட்டோடு என்னிடம் வருவது மிகவும் குறைவு.

மாபிள் தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது சிறிதும் விட்டுக்கொடுக்காது; வியர்வை விழுந்தால் வழுக்கவும் செய்யும். ஓலைப்பாயை விரித்து அதன்மேல் துள்ளுவது இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் பாயே காலோடு இழுபட்டுவிடும். தரையை இறுகப் பற்றும் தடித்த இறப்பர் விரிப்பும், அடிப்பகுதி தேயாத சப்பாத்தும் இல்லாமல் அங்கே துள்ள வேண்டாம். முற்றத்தில் கல் இல்லாத, தட்டையான மண் நிலம் இருந்தால் அதையே நான் முதலில் தேர்ந்தெடுப்பேன்.

மறுமொழி 2: வடமராட்சி உடற்கல்வி ஆசிரியர்

மேலே எழுதியிருக்கும் சகோதரியின் கருத்தோடு முழுமையாக உடன்படுகிறேன். துள்ளலைப் பழகுவது பற்றியும் காலநிலை பற்றியும் மட்டும் சேர்த்து எழுதுகிறேன்.

துள்ளப் பழகுவதற்கு முன் இறங்கப் பழக வேண்டும். மாணவர்களுக்கு நான் இதைக் காதால்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அரையடி உயரமான படியிலிருந்து இரண்டு காலாலும் இறங்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். ‘தொப்’ என்று சத்தம் வந்தால், முழங்கால் விறைத்திருக்க முழுப்பாதமும் ஒரே நேரத்தில் தரையில் அடித்திருக்கிறது என்று பொருள். முன்பாதம் முதலில் பட்டு, குதிக்கால் மெல்லத் தரையைத் தொட்டு, முழங்காலும் இடுப்பும் ஒன்றாக மடிந்தால் சத்தம் கேட்பதே அரிது. இரண்டு முழங்கால்களும் உள்நோக்கிச் சாயாமல் கால்விரல்களின் திசையிலேயே நிற்கின்றனவா என்பதை வீட்டில் ஒருவரை முன்னால் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது கைப்பேசியில் பதிவுசெய்து பாருங்கள். சத்தமில்லாமல் இறங்க வரும்வரை, உயரத் துள்ளும் எந்தப் பயிற்சியும் தேவையில்லை.

ஐந்தாம் கிழமையிலிருந்து கயிறடிக்கத் தொடங்கலாம். துள்ளல் பயிற்சியில் கால் தரையைத் தொடும் எண்ணிக்கையை வைத்துத்தான் அளவு பார்ப்பார்கள்; புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு தடவைக்கு 80 முதல் 100 வரை என்பது பயிற்றுநர்களிடையே வழக்கமான வரையறை. நீங்கள் 40 இல் தொடங்குங்கள். இரண்டு துள்ளல் நாட்களுக்கிடையே குறைந்தது 48 மணித்தியாலம் விடுங்கள். நீங்கள் குறிப்பிடும் திட்டத்தின் முதற் பத்து நிமிடமே இந்த 100 என்ற எண்ணிக்கையை எளிதாகத் தாண்டிவிடும் என்பதையும், அதைக் கிழமைக்கு ஆறு நாள் செய்யச் சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஆயத்தம் எவ்வளவு அவசியம் என்பது விளங்கும்.

கைகளை மறந்துவிட வேண்டாம். இத்திட்டத்தில் தண்டாலும், உள்ளங்கையை ஊன்றிக் காலைப் பின்னுக்கு எறியும் அசைவுகளும் நிறைய வருகின்றன. கதிரையில் அமர்ந்து வேலை செய்பவரின் மணிக்கட்டும் தோளும் அதற்குப் பழகியிருக்காது. சுவரில் கையூன்றித் தொடங்கி, பிறகு விறாந்தைக் குந்தில் கையூன்றி, கடைசியாகத் தரைக்கு வாருங்கள். குந்தில் 15 தண்டாலை இடுப்புத் தொய்யாமல் செய்ய முடிந்த பிறகு தரைக்கு இறங்குவதே ஒழுங்கு.

ஏழாம் கிழமையில் திட்டத்தின் சூடாக்கும் பகுதியை மட்டும் தனிப் பயிற்சியாக எடுத்துச் செய்யுங்கள். அதே அசைவுகள் மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கூடிச் செல்லும். நீங்கள் மூன்று சுற்றையும் முதற்சுற்றின் வேகத்திலேயே செய்யுங்கள். எட்டாம் கிழமையில் ஒரு முழுக் காணொளியை எடுத்து, அவர்கள் மூன்று நிமிடம் செய்யும் இடத்தில் நீங்கள் ஒரு நிமிடம் செய்து இரண்டு நிமிடம் அந்த இடத்திலேயே நடவுங்கள். காணொளியில் வருபவர்களோடு போட்டி போட வேண்டிய தேவை எதுவும் உங்களுக்கு இல்லை.

இனி வெயில். நம் ஊரில் வெப்பத்தோடு ஈரப்பதனும் சேர்ந்திருப்பதால் வியர்வை உலர்வது கடினம்; உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. வெப்பத்தில் பயிற்சி செய்ய உடல் பழகுவதற்கு 10 முதல் 14 நாள் வரை எடுக்கும். குளிரூட்டிய அலுவலகத்தில் நாளைக் கழிப்பவருக்கு இது இன்னும் முக்கியமானது. ஆகவே முதல் இரண்டு கிழமை, விடியற்காலை ஐந்தரை மணிக்கே நடையைத் தொடங்கிவிடுங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிறை பாருங்கள்; குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லீற்றர் வியர்வை. அதைத் தண்ணீரால் மட்டும் ஈடுசெய்யாமல், உப்புச் சேர்த்த மோரோ கஞ்சியோ குடியுங்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் குறைவு. அதிகம் வியர்த்த நாளில் ஒரு சிட்டிகை உப்புக் கலந்து குடிப்பது பொருத்தம். இரத்த அழுத்தம் கூடியவர்கள் மட்டும் இந்த உப்பு விடயத்தை வைத்தியரிடம் கேட்டுச் செய்ய வேண்டும்.

மறுமொழி 3: சுன்னாகம் இல்லத்தரசி

எனக்கு வயது 46. பிரஷருக்கு மருந்து எடுக்கிறேன். இதே போன்ற ஒரு பயிற்சித் திட்டத்தைத் துள்ளல்கள் இல்லாமல் செய்து வருகிறேன். தம்பிக்கு மட்டுமன்றி, இதைப் படிக்கும் பெண்களுக்காகவும் எழுதுகிறேன்.

பிரஷருக்குக் கொடுக்கும் மருந்துகளில் பீற்றா புளொக்கர் என்ற வகை, இதயத் துடிப்பைக் கூடவிடாமல் பிடித்து வைக்கும். அந்த மருந்தை எடுப்பவர்கள் மேலே சொன்ன துடிப்புக் கணக்கை நம்பினால், எண் ஏறவில்லையே என்று அளவுக்கு மீறிச் செய்துவிடுவார்கள். எங்களைப் போன்றவர்களுக்குப் பேச்சும் மூச்சுமே அளவுகோல். எந்த மருந்து எடுக்கிறோம் என்பதை வைத்தியரிடம் பெயரோடு கேட்டறிந்துகொள்வது நல்லது.

பிள்ளை பெற்றவர்களில் பலருக்குத் துள்ளும்போதோ இருமும்போதோ சிறுநீர் கசிவதுண்டு. வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு, பயிற்சியையே கைவிட்டவர்களை நான் அறிவேன். அது இடுப்பின் அடித்தளத் தசைகள் தளர்ந்ததால் வருவது. அந்தத் தசைகளை இறுக்கி விடும் பயிற்சியை ஒழுங்காகச் செய்தால் பெரும்பாலானவர்களுக்குக் குறையும். இயன்மருத்துவரிடமோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ தயங்காமல் கேட்கலாம்.

ஒவ்வொரு துள்ளலுக்கும் துள்ளாத ஒரு வடிவம் உண்டு. கைகளை விரித்துத் துள்ளும் இடத்தில் ஒரு காலைப் பக்கவாட்டில் எடுத்து வைக்கலாம். முழங்காலை உயர்த்தி ஓடும் இடத்தில் வேகமாக நடக்கலாம். மூச்சு நன்றாகவே வாங்கும், முழங்கால் தப்பும். எட்டுக் கிழமை ஆயத்தத்தின் முடிவில் துள்ளித்தான் ஆக வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

திருவிழாக் கால உணவு பற்றியும் தம்பி குறிப்பிட்டிருந்தார். நம் வீட்டுக் காலை உணவையும் இரவு உணவையும் பாருங்கள்: பிட்டு, இடியப்பம், தோசை, பாண். பக்கத்தில் சம்பலும் சொதியும். மாச்சத்து நிறைய, புரதம் மிகக் கொஞ்சம். கடும் பயிற்சி செய்பவருக்கு உடல் நிறையின் கிலோ ஒன்றுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறார்கள். 84 கிலோவுக்கு அது 100 கிராமுக்கு மேல். மற்றைய நாட்களில் மீனும் முட்டையும் கைகொடுக்கும். நல்லூர்க் கொடியேறிய பிறகு திட்டமிட்டுத்தான் சமைக்க வேண்டும். பருப்பு, உழுந்து, பயறு ஆகியவற்றில் சமைக்காத 100 கிராமில் 24 கிராம் அளவு புரதம் உண்டு. சோயா மீற்றில் அது ஏறத்தாழ 50 கிராம். காலையில் அவித்த கடலையோ பயறோ, மதியம் தடித்த பருப்புக்கறியும் சோயாவும், மாலையில் உழுத்தங்களி, இரவில் தயிர் என்று பிரித்தால் ஓரளவு கிட்ட வரலாம். ஆனால் ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டு விரதம் இருக்கும் நாட்களில் நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள் தம்பி. அந்த நாட்களில் துள்ளல் பயிற்சி வேண்டவே வேண்டாம்.

கேள்வி கேட்டவர்: ஆரியகுளம்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணாவுக்கும் இந்தப் பதில்களை அனுப்பி வைத்தேன். பரிசோதனைகளை முதலில் செய்துவிட்டு, நடையைத் தொடங்குகிறேன். விரத நாட்கள் குறுக்கிடுவதால் பத்துக் கிழமை என்றே திட்டமிடுகிறேன். திருவிழா முடிந்தவுடன் தொடங்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. பயிற்சிக்குப் பிறகு வரும் சாதாரண உளைவையும் உண்மையான காயத்தையும் எப்படிப் பிரித்தறிவது? தயார்நிலையை அளப்பதற்குத் திட்டத்தின் முதல் நாளில் வரும் தகுதிச் சோதனையையே பயன்படுத்தலாமா?

மறுமொழி 4: கொக்குவில் இயன்மருத்துவர்

உளைவு தசையின் நடுப்பகுதியில், பரவலாக, பெரும்பாலும் இரண்டு காலிலும் ஒரே மாதிரி இருக்கும். பயிற்சி செய்த மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் கூடியிருந்து, பிறகு தானாகவே குறையும். மெதுவாக நடந்தால் இலகுவாகும். காயத்தின் நோ அப்படியல்ல. ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் இருக்கும்; மூட்டிலோ, எலும்பிலோ, நாணிலோ இருக்கும்; பயிற்சி செய்யச் செய்யக் கூடும். பத்துக்கு எத்தனை என்று நீங்களே மதிப்பிட்டு, மூன்றுக்கு மேற்படாமலும் மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்தும் இருந்தால் தொடரலாம். மறுநாளும் தங்கியிருந்தால் துள்ளலைக் குறையுங்கள். முழங்கால் வீங்கினாலோ, முன்னங்கால் எலும்பில் ஒரு புள்ளியை அழுத்தும்போது சுள்ளென்று வலித்தாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

இரண்டு நிலைகளில் காத்திருக்கவே கூடாது. கடும் பயிற்சிக்குப் பிறகு தசைகள் வீங்கித் தாங்க முடியாமல் நொந்து, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால், தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கியிருக்கலாம். உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். பயிற்சியின்போது நெஞ்சு இறுகினாலோ, அந்த நோ கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, குளிர்ந்த வியர்வையோடு மயக்கம் வந்தாலோ, மோட்டார் சைக்கிளை எடுக்காமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் காவு வண்டியை வரவழையுங்கள். இவை இரண்டையும் வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

தகுதிச் சோதனையை ஆயத்தத்தின் தொடக்கத்தில் செய்ய வேண்டாம். அது எட்டு அசைவுகளை ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் உச்ச வேகத்தில் செய்து எண்ணும் சோதனை; அவற்றில் பல துள்ளல்கள். ஆயத்தத்தின் கடைசிக் கிழமையில், நன்கு ஆறிய ஒரு நாளில் செய்து பாருங்கள். அதற்கு முன் எளிய அளவுகள் சில போதும். 30 நிமிடம் நிற்காமல் மென்னோட்டம் ஓட முடிகிறதா? ஒற்றைக் காலில் நின்று, சுவரை விரல் நுனியால் மட்டும் தொட்டபடி, குதிக்காலை 20 தடவை முழு உயரத்துக்கு உயர்த்த முடிகிறதா, இரண்டு காலுக்கும் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா? முழங்கை ஊன்றிய பலகை நிலையில் ஒரு நிமிடம் இடுப்புத் தொய்யாமல் நிற்க முடிகிறதா? படியிலிருந்து சத்தமில்லாமல் இறங்க முடிகிறதா? ஓடி முடித்து ஒரு நிமிடம் மெதுவாக நடக்கும்போது துடிப்பு எவ்வளவு குறைகிறது என்பதையும் கிழமைக்கு ஒரு முறை குறித்து வாருங்கள். அந்தக் குறைவு கூடிக்கொண்டு போக வேண்டும். ஒரு நிமிடத்தில் 12 துடிப்புக்கூடக் குறையாமல் இருப்பது தொடர்ந்து தெரிந்தால், அந்தக் குறிப்பை வைத்தியரிடம் காட்டுங்கள்.

இவை அனைத்தும் கைவந்த பிறகும், 60 நாளை 60 நாளிலேயே முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதல் மாதத்தில் கிழமைக்கு ஆறு நாளுக்குப் பதிலாக நாலு நாள் செய்து, மிகுதி நாட்களில் நடவுங்கள். திட்டத்தை வகுத்தவர்களே முதல் மாதத்துக்கும் இரண்டாம் மாதத்துக்கும் இடையில் மென்மையான ஒரு கிழமையை வைத்திருக்கிறார்கள். பலர் அதைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள், நீங்கள் அதைத் தவறவிட வேண்டாம். பரிசோதனை முடிவுகள் கையில் கிடைத்ததும் இரத்த அழுத்த அளவையும் சீனி அளவையும் இங்கே எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு நான்காம் கிழமைக்குரிய ஓட்டத்தின் அளவைச் சேர்ந்தே தீர்மானிக்கலாம்.